டிராக்டரின் எடையும் உழவரின் செலவும்

கடந்த 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர்களுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகவும், டிராக்டர் டயர்கள், உதிரிபாகங்களுக்கான வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகவும் குறைக்கப்பட்டிருக்கின்றன. வரவேற்க வேண்டிய முடிவு இது. தமிழ்நாட்டில் ஒரு நிலவுடைமையின் சராசரிப் பரப்பு 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இத்தகைய சிறு வயல்களில் திரும்பவும் வரப்போரம் ஒதுங்கி உழவும் ஏற்றவை 20 குதிரைத்திறன் அளவிலான மினி டிராக்டர்கள்தாம். அவற்றின் விலை குறைவது சிறு விவசாயிக்கு நன்மையே.

ஆனால், வாங்குவது வேறு. வேலை வாங்குவது வேறு. நான் வசிக்கும் திருவாலங்காட்டுப் பகுதியில் மினி டிராக்டர் குறித்து அடிக்கடி கேட்கும் குறை ஒன்றுதான்: "வண்டி இழுக்கவில்லை, சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது." இந்தக் குறைக்கு உடனடியாகச் சொல்லப்படும் தீர்வும் ஒன்றுதான்: "இன்னும் பெரிய வண்டி வாங்குங்கள்." ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கடன் வாங்கவைக்கும் இந்த அறிவுரை பல நேரங்களில் தேவையற்றது. சக்கரம் வழுக்குகிறது என்றாலே என்ஜினுக்கு வலு மிச்சம் இருக்கிறது என்றுதான் பொருள். அந்த வலுவை மண்ணுக்குக் கொண்டுசெல்லப் பிடிமானம்தான் இல்லை. அந்தப் பிடிமானத்தைத் தருவது எடை.

எடையை எங்கே, எவ்வளவு, எப்போது கூட்டுவது, எப்போது கழற்றுவது என்பது இயந்திரவியல் கேள்வி மட்டுமன்று. அதன் செலவையும் ஆபத்தையும் யார் சுமக்கிறார்கள் என்ற பொருளியல் கேள்வியும் அதற்குள் இருக்கிறது.

எடை இழுவையாவது எப்படி?

எடையைக் கொண்டு வேலை வாங்குவது நம் உழவர்களுக்குப் புதிதல்ல. ஏற்றத்தில் நீர் இறைத்தபோது துலாவின் மீது முன்னும் பின்னும் நடந்தவரின் உடல் எடைதான் நீரை மேலே கொண்டுவந்தது. கவலை இறைத்தவர், மாடுகள் சரிவில் இறங்கும்போது வடத்தின் மீது அமர்ந்து தம் எடையையும் மாடுகளின் இழுப்போடு சேர்த்தார். பரம்படிக்கும்போது பலகையின் மீது ஒருவர் ஏறி நிற்பதும் இதே கணக்குத்தான்.

டிராக்டரில் இந்தக் கணக்கு இப்படி அமைகிறது. ஒரு டிராக்டர் எவ்வளவு இழுக்க முடியும் என்பதற்கு இரண்டு வரம்புகள் உண்டு. ஒன்று, என்ஜினின் திறன். மற்றொன்று, இயங்கு சக்கரங்களின் மீது அழுந்தும் எடையும் அந்த மண்ணின் பிடிமானமும். வேகமாகச் செல்லும்போது முதல் வரம்பு முன்னே வந்து நிற்கும். மெதுவாகக் கனமான கலப்பையை இழுக்கும்போது இரண்டாவது வரம்பு.

எடுத்துக்காட்டாக, 800 கிலோ எடையுள்ள இருசக்கர இயக்க மினி டிராக்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் 60 சதவீதம், அதாவது 480 கிலோ, பின்சக்கரங்களின் மீது இருப்பதாகக் கொள்வோம். நல்ல பிடிமானமுள்ள மண்ணில் அந்த எடையில் ஏறத்தாழப் பாதியளவு இழுவையாகக் கிடைத்தால் 240 கிலோ விசை. அதற்கு மேல் இழுக்கவேண்டி வந்தால் சக்கரம் சுற்றுமே தவிர வண்டி நகராது. இப்போது பின்சக்கரங்களில் 160 கிலோ எடையைக் கூட்டுவோம். பின்சக்கர எடை 640 கிலோ. இழுவை 320 கிலோ. என்ஜினைத் தொடாமலேயே இழுவை மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. உழுது பொலபொலப்பான மணற்பாங்கான நிலத்தில் இந்த விகிதம் பாதிக்கும் கீழே போகும். ஈரக் களிமண்ணில் இன்னும் குறையும். ஆனால் கணக்கின் தன்மை மாறாது.

நான்கு சக்கர இயக்கம் உள்ள மினி டிராக்டர்களுக்குக் கூடுதல் விலை கேட்கப்படுவதன் காரணமும் இதுவே. அங்கே முன்சக்கரங்களின் மீதுள்ள எடையும் இழுவைக்குப் பயன்படுகிறது. வண்டியின் எடை வீணாகாமல் முழுவதும் வேலை செய்கிறது.

வழுக்கலுக்கு யார் பணம் தருகிறார்?

சக்கரம் சிறிது வழுக்குவது இயல்பு, தேவையும்கூட. சிறிதும் வழுக்காத சக்கரம் முழுச் சுமையையும் கியர்ப்பெட்டிக்கும் அச்சுக்கும் கிளட்சுக்கும் அனுப்பிவிடும். அளவான வழுக்கல், மின்சாரத்தில் ஃபியூஸ் செய்யும் வேலையைச் செய்கிறது. உறுதியான நிலத்தில் 8 முதல் 10 சதவீதம், உழுத நிலத்தில் 15 சதவீதம் வரை வழுக்கல் ஏற்கத்தக்கது என்பது பண்ணைப் பொறியியலில் பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. அதற்கு மேல் போனால், வழுக்கும் ஒவ்வொரு சதவீதமும் டீசலாகவும் டயர் தேய்மானமாகவும் நேரமாகவும் கரைகிறது. 25 சதவீத வழுக்கல் என்றால், சக்கரத்துக்கு வந்துசேர்ந்த திறனில் கால்பங்கு மண்ணைச் சுரண்டுவதிலேயே போய்விட்டது என்று பொருள்.

இதன் செலவை யார் சுமக்கிறார்கள்? சொந்த டிராக்டர் வைத்திருப்பவர் என்றால் அவரே. ஆனால் நம் சிறு விவசாயிகளில் பெரும்பாலோர் வாடகைக்கு உழவு ஓட்டுபவர்கள். வாடகை பெரும்பாலும் மணிக்கணக்கில்தான் பேசப்படுகிறது. வழுக்கல் 12.5 சதவீதமாக இருக்கும்போது ஆறு மணி நேரத்தில் முடியும் உழவு, வழுக்கல் 25 சதவீதமானால் ஏழு மணி நேரம் பிடிக்கும். கணக்குக்காக மணிக்கு 1,000 ரூபாய் என வைத்துக்கொண்டால், நிலத்துக்காரர் 1,000 ரூபாய் கூடுதலாகத் தருகிறார். எதற்கு? சக்கரம் வெறுமனே சுற்றியதற்கு.

டிராக்டர் உரிமையாளருக்கும் டீசல் செலவு கூடத்தான் செய்கிறது. ஆனால் கூடுதல் நேரத்துக்குரிய வாடகை அதை ஈடுகட்டிவிடுகிறது. எனவே வழுக்கலைக் குறைக்கும் அக்கறை, அதைக் குறைக்கக்கூடிய இடத்தில் இருப்பவருக்கு இல்லை. அக்கறை உள்ள நிலத்துக்காரருக்கோ அந்த வண்டியின் மீது அதிகாரம் இல்லை. பொருளியலில் இதை முகவர் சிக்கல் என்போம். முடிவெடுப்பவர் ஒருவராகவும் விளைவைச் சுமப்பவர் வேறொருவராகவும் இருந்தால் அங்கே வீண்செலவு நிலைத்துவிடும்.

வாடகையை ஏக்கர் கணக்குக்கு மாற்றினால் போதாதா என்று கேட்கலாம். அதில் வழுக்கலின் செலவு உரிமையாளரிடம் சென்றுவிடும் என்பது உண்மை. ஆனால், சீக்கிரம் முடிக்கும் அவசரத்தில் ஆழமில்லாமல் மேலோட்டமாக உழுதுவிட்டுப் போகும் தூண்டுதல் அங்கே பிறக்கிறது. எந்த முறையானாலும் நிலத்துக்காரர் தம் வயலில் நடப்பதை அளந்து பார்க்கத் தெரிந்திருப்பதே முதல் பாதுகாப்பு.

ஒரு சுண்ணாம்புக் கோடு போதும்

வழுக்கலை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். பின்சக்கரத்தின் பக்கவாட்டில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். கலப்பையைத் தூக்கிவைத்த நிலையில், அதே வயலில், சக்கரம் பத்துச் சுற்றுச் சுற்ற வண்டி எவ்வளவு தூரம் செல்கிறது என்று முளை அடித்து அளக்க வேண்டும். பிறகு கலப்பையை இறக்கி, வழக்கமான ஆழத்தில் உழுதபடி மீண்டும் பத்துச் சுற்றுக்கான தூரத்தை அளக்க வேண்டும். முதல் அளவு 28 மீட்டர், இரண்டாவது 21 மீட்டர் என்றால், குறைவு 7 மீட்டர்; அது 28-இல் கால்பங்கு. வழுக்கல் 25 சதவீதம். எடை கூட்டிய பிறகு உழும்போது 24.5 மீட்டர் வந்தால் வழுக்கல் 12.5 சதவீதம். போதுமான எடை வந்துவிட்டது.

அளக்க முடியாதவர்கள் டயரின் தடத்தைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். டயரின் பட்டைகள் பதிந்த தடம் முழுவதும் கலைந்து மெழுகியதுபோல் இருந்தால் எடை போதவில்லை. அச்சு வார்த்ததுபோல் ஒவ்வொரு பட்டையும் தெளிவாகப் பதிந்திருந்தால் எடை தேவைக்கு மேல் இருக்கிறது. ஓரங்களில் தடம் தெரிந்து நடுவில் சற்றே கலைந்திருந்தால் எடை சரியான அளவில் இருக்கிறது.

தண்ணீரும் இரும்பும்

எடை கூட்ட எளிய வழி, பின்பக்க டயர்களில் தண்ணீர் நிரப்புவது. குளிர் நாடுகளில் தண்ணீர் உறையாமலிருக்கக் கால்சியம் குளோரைடு போன்ற உப்புகளைக் கலப்பார்கள். நமக்கு அந்தத் தேவையில்லை. வண்டியைத் தூக்கி நிறுத்தி, வால்வு உச்சிக்கு வரும்படி சக்கரத்தைத் திருப்பி, உள்ளிருக்கும் காற்று வெளியேற வழிவிடும் இணைப்பான் மூலம் வால்வு மட்டம் வரை நிரப்பினால், டயரின் கொள்ளளவில் ஏறத்தாழ 75 சதவீதம் நிறையும். எஞ்சிய இடத்தில் காற்று இருக்க வேண்டும். முழுவதும் தண்ணீரால் நிரப்பினால் டயருக்கு அதிர்வைத் தாங்கும் தன்மை போய்விடும்.

மினி டிராக்டர்களில் காணப்படும் 8.3-20 அளவு டயர் ஒன்றில் இப்படிச் சுமார் 50 லிட்டர் பிடிக்கும். இரண்டு டயருக்கும் சேர்த்து 100 கிலோ எடை, செலவின்றி. இந்த எடை அச்சுக்குக் கீழேயும் அச்சின் மட்டத்திலும் இருப்பதால் வண்டியின் நிலைத்தன்மையும் கூடுகிறது. குறை என்னவென்றால், வேண்டாதபோது நினைத்தவுடன் கழற்றிவைக்க முடியாது. பஞ்சரானால் வேலையும் கூடும்.

இரும்பு எடைக்கட்டிகள் இதற்கு நேர்மாறானவை. சக்கரத்தின் வட்டுடன் போல்ட் போட்டு இணைக்கும் வட்ட எடைகளும், முன்பக்கச் சட்டத்தில் மாட்டும் கட்டிகளும் விலை கொடுத்து வாங்க வேண்டியவை. ஆனால் பருவத்துக்கும் வேலைக்கும் ஏற்ப மாட்டலாம், கழற்றலாம். எனவே, ஆண்டு முழுவதும் தேவைப்படும் எடையைத் தண்ணீராகவும், உழவுப் பருவத்தில் மட்டும் தேவைப்படுவதை இரும்பாகவும் வைத்துக்கொள்வது சிக்கனம்.

பின்னால் எடை கூட்டுபவர் முன்பக்கத்தை மறந்துவிடக் கூடாது. இருசக்கர இயக்க டிராக்டரில் வேலையின்போது மொத்த எடையில் 25 முதல் 30 சதவீதம் முன்சக்கரங்களின் மீதும், நான்கு சக்கர இயக்கத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் முன்னாலும் இருப்பது நல்லது. டயரின் பக்கவாட்டில் அச்சிடப்பட்டிருக்கும் சுமை வரம்பும், கையேட்டில் தயாரிப்பாளர் குறிப்பிட்டிருக்கும் அதிகபட்ச எடையும் மீறக்கூடாத எல்லைகள். எடை கூடிய பிறகு டயரின் காற்றழுத்தத்தையும் கையேட்டின்படி சரிபார்க்க வேண்டும்.

எடை உதவாத இடங்கள்

எல்லா வேலைக்கும் எடை தேவையில்லை. ரோட்டவேட்டர் எனப்படும் சுழல் கலப்பை, என்ஜினின் திறனைச் சக்கரத்தின் வழியாக வாங்குவதில்லை. பின்பக்கத் தண்டின் வழியாக நேரடியாக வாங்குகிறது. சுழலும் கத்திகள் மண்ணை வெட்டும்போது வண்டியை முன்னோக்கித் தள்ளவும் செய்கின்றன. அங்கே கூடுதல் எடை வீண் சுமை. கொக்கிக் கலப்பையோ சட்டிக் கலப்பையோ இழுக்கும்போதுதான் எடைக்கு வேலை. அங்கும்கூட, ஒன்பது கொழுக்களுக்குப் பதில் ஐந்து கொழுக்களுடன் சற்று வேகமாக ஓட்டுவது எடை கூட்டாமலேயே சிக்கலைத் தீர்க்கும் வழி.

நெல்வயலில் சேடை ஓட்டும்போது நிலைமை முற்றிலும் வேறு. எடை கூடக்கூடச் சக்கரம் சேற்றில் ஆழ்ந்துபோகும். அங்கே வேண்டியது எடை அன்று, அகலம். அதற்காகத்தான் கேஜ் வீல் எனப்படும் இரும்புக் கூண்டுச் சக்கரங்களை மாட்டுகிறார்கள். அவை எடையைப் பரப்பி வண்டியைச் சேற்றின் மேல் தாங்குகின்றன. அதே சக்கரங்களோடு தார்ச்சாலையில் ஏறினால் சாலை பாழாகும் என்பது வேறு கதை.

எடையைக் கூட்டாமலேயே பிடிமானத்தைக் கூட்டும் வழியைத் தேடியவர்களில் முதன்மையானவர், அயர்லாந்தின் ஹாரி பெர்குசன். அவர் காலத்து டிராக்டர்கள் பிடிமானத்துக்காகப் பேரெடையோடு செய்யப்பட்டன. கலப்பை எதிலாவது சிக்கினால் முன்பக்கம் தூக்கிப் பின்னால் கவிழ்ந்து ஓட்டுநரைக் கொன்றன. கலப்பையை மூன்று புள்ளிகளில் இணைத்து, மண் கலப்பையைப் பின்னோக்கி இழுக்கும் விசையையே பின்சக்கரங்களை அழுத்தும் விசையாக மாற்றினார் பெர்குசன். கலப்பை சிக்கும்போது மேல் இணைப்புத் தண்டு முன்பக்கத்தைக் கீழே அழுத்தும். இந்த அமைப்புடன் 1936-இல் பெர்குசன்-பிரவுன் டிராக்டரும், ஹென்றி ஃபோர்டுடன் சேர்ந்து 1939-இல் ஃபோர்டு 9என் டிராக்டரும் வந்தன. அவர் பெயரைத் தாங்கிய மாஸ்ஸி பெர்குசன் டிராக்டர்களைத் தயாரிக்கச் சென்னையில் டாஃபே நிறுவனம் 1960-இல் தொடங்கப்பட்டது.

இன்று நம் ஊர் டிராக்டர்கள் அனைத்திலும் மூன்று புள்ளி இணைப்பு இருக்கிறது. மண்ணின் இழுவைக்கேற்பக் கலப்பையின் ஆழத்தைத் தானே சரிசெய்யும் நெம்புகோல் பலவற்றில் உண்டு. நான் பார்த்தவரை, அந்த நெம்புகோலை ஓட்டுநர்கள் பெரும்பாலும் தொடுவதில்லை. விலை கொடுத்து வாங்கிய வசதியைப் பயன்படுத்தாமல் விட்டுவிட்டு, எடை போதவில்லை என்று வருந்துவது சரியல்ல. முதலில் நெம்புகோல், பிறகு காற்றழுத்தம், அதன் பிறகே எடை.

மண்ணின் கணக்கு

எடைக்கு மற்றொரு விலையும் உண்டு. அது உடனே தெரிவதில்லை. ஈரமண்ணின் மீது கனமான சக்கரம் ஏறும்போது மண்துகள்களுக்கு இடையிலுள்ள காற்று வெளிகள் நசுங்குகின்றன. வேர் இறங்காது, மழைநீர் உள்ளே செல்லாது. மேல்மண் இறுகுவது டயர் அழுத்தத்தைப் பொறுத்தது. அடிமண் இறுகுவது அச்சின் மீதுள்ள மொத்த எடையைப் பொறுத்தது. ஒரு டன்னுக்கும் குறைவான மினி டிராக்டரில் நூறு, நூற்றைம்பது கிலோ கூட்டுவதால் அடிமண் கெட்டுவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் ஈரமான வயலில் எடையோடு இறங்கக் கூடாது என்பதில் விலக்கில்லை.

திருவாலங்காட்டில் உண்மையான அச்சம் வேறிடத்தில் இருக்கிறது. இங்கே அமைந்துள்ள திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலைக்கு வெட்டிய கரும்பு டிராக்டர் டிரெய்லர்களில் செல்கிறது. டிரெய்லரை வயலுக்குள்ளேயே கொண்டுவந்து ஏற்றும்போது, பல டன் சுமை இரண்டு சக்கரங்களின் வழியாக மண்ணில் இறங்குகிறது. அடுத்த மறுதாம்புப் பயிர் அந்தத் தடத்தின் மேல்தான் துளிர்க்க வேண்டும். சுமையை ஏற்றிச் செல்பவருக்கு அன்றைய நடைக்கூலி முக்கியம். மறுதாம்பு விளைச்சல் குறைவதைச் சுமப்பவர் நிலத்துக்காரர். அவர் குத்தகைதாரராக இருந்தால், மண் கெட்டதன் சுமை நில உரிமையாளரின் அடுத்த தலைமுறைக்கும் போகும். இங்கும் அதே முகவர் சிக்கல்தான்.

பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு அளித்ததை முதலாம் இராசேந்திர சோழனின் செப்பேடுகள் பதிவு செய்திருக்கின்றன. ஆயிரம் ஆண்டுகளாக உழப்பட்டுவரும் மண் இது. வரப்போரமாக ஒரே தடத்தை ஒதுக்கி, வண்டிகள் அதில் மட்டும் வந்துபோகும்படி செய்தாலே பெரும்பகுதி நிலம் தப்பிக்கும்.

மனிதர் எடைக்கட்டி அல்லர்

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய காரணத்துக்கு இப்போது வருகிறேன். இரும்பு எடை வாங்கப் பணமில்லாதபோதும், தண்ணீர் நிரப்பப் பொறுமை இல்லாதபோதும் நம் கிராமங்களில் பயன்படும் எடை எது? மனிதர்தான். கலப்பை ஆழமாக இறங்க வேண்டும் என்பதற்காக அதன் சட்டத்தின் மீது ஒருவரை ஏற்றி நிற்கவைப்பது, சமன்படுத்தும் பலகையின் மீது இருவரை உட்காரவைப்பது, முன்பக்கம் தூக்காமலிருக்க பம்பரின் மீது ஆட்களை நிற்கவைப்பது ஆகியவற்றைக் காணாத உழவர் இருக்க மாட்டார். மாடு பூட்டிய பரம்புப் பலகையில் நின்றவர் தவறினால் சேற்றில் விழுவார், மாடும் நின்றுவிடும். டிராக்டர் பலகையில் நின்றவர் தவறினால் கொழுக்களுக்கு அடியிலோ ரோட்டவேட்டர் கத்திகளுக்கு அடியிலோ விழுவார். பம்பரில் நின்றவர் விழும் இடம் சக்கரத்தின் முன். ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கும் முன்பே எல்லாம் முடிந்துவிடும்.

இப்படி எடையாக நிற்பவர் யார் என்று பாருங்கள். நில உரிமையாளர் அல்லர். டிராக்டர் உரிமையாளரும் அல்லர். அன்றைய கூலிக்கு வந்தவர், அல்லது வண்டியில் ஏறும் ஆசையில் ஓடிவந்த சிறுவன். ஐம்பது கிலோ இரும்புக்கு விலை உண்டு. ஐம்பது கிலோ மனிதருக்குத் தனி விலை இல்லை என்பதால்தான் இந்த வழக்கம் நீடிக்கிறது. சந்தையில் விலை இல்லாததெல்லாம் இலவசம் என்று எண்ணுவது பொருளியல் மாணவர்கள் முதலாண்டிலேயே கைவிட வேண்டிய தவறு. விபத்து நடந்த பிறகு ஒரு குடும்பம் அந்த விலையை ஆயுள் முழுவதும் செலுத்துகிறது. சாலை விதிமுறைகளின்படி டிராக்டரில் ஓட்டுநரைத் தவிர வேறு எவரையும் ஏற்றிச்செல்லக் கூடாது. வயலிலும் அதே விதியை நாமே வகுத்துக்கொள்ள வேண்டும்.

ஓட்டுநருக்கும் ஆபத்து உண்டு. பின்சக்கரப் பிடிமானம் கூடும்போது வண்டி இன்னும் வலுவாக இழுக்கும். அந்த அளவுக்கு முன்பக்கம் தூக்கும் வாய்ப்பும் கூடும். முன்சக்கரங்கள் தரையை விட்டு எழுந்தால் ஸ்டீயரிங் வேலை செய்யாது. மேட்டில் ஏறும்போது, அதிகச் சுமையேற்றிய கரும்பு டிரெய்லரை நின்ற நிலையிலிருந்து வெடுக்கென்று இழுத்தால் வண்டி பின்னோக்கிக் கவிழும். சேற்றில் சிக்கிய வண்டியை இழுக்கச் சங்கிலியைப் பின்னச்சுக்கு மேலே கட்டினாலும் அதே விளைவுதான். இழுவைக் கொண்டி எப்போதும் அச்சு மட்டத்துக்குக் கீழேயே இருக்க வேண்டும். முன்பக்க எடைக்கட்டி இங்கே இழுவைக்காக அல்ல, உயிருக்காக. புதிய டிராக்டர்களில் கவிழ்வுப் பாதுகாப்புச் சட்டம் இருக்க வேண்டும் என்பதை ஸ்வீடன் 1959-லேயே கட்டாயமாக்கியது. அதன்பின் அங்கே கவிழ்வு மரணங்கள் வெகுவாகக் குறைந்தன.

செய்ய வேண்டியவை

இந்தியாவில் டிராக்டர்களைச் சோதித்துச் சான்றளிக்கும் மத்திய நிறுவனம் மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் இருக்கிறது. தென்மண்டல நிறுவனம் ஆந்திரத்தின் அனந்தபூர் மாவட்டம் கார்லதின்னேயில் உள்ளது. டிராக்டரின் இழுவையைச் சோதிக்கும்போது, கூடுதல் எடையின்றி எவ்வளவு, எடையுடன் எவ்வளவு என்று தனித்தனியே அளந்து அறிக்கையில் பதிவு செய்கிறார்கள். விவசாயிக்கு மிகவும் தேவையான இந்தத் தகவல் தடித்த ஆங்கில அறிக்கைகளுக்குள் உறங்குகிறது. விற்பனையகத்தின் சுவரில் ஒட்டப்படுவது குதிரைத்திறன் மட்டுமே.

வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின்கீழ் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், பட்டியல் இனத்தவருக்கு 50 சதவீதம் வரையும் மற்றவர்களுக்கு 40 சதவீதம் வரையும் உச்சவரம்புக்கு உட்பட்டு மானியம் வழங்கப்படுகிறது. மக்கள் பணத்தில் மானியம் தரும் அரசு மூன்று நிபந்தனைகளை விதிக்கலாம். முதலாவது, எடையின்றியும் எடையுடனும் கிடைக்கும் இழுவை அளவைத் தமிழில் ஒரு பக்க அட்டையாக ஒவ்வொரு டிராக்டருடனும் தர வேண்டும். இரண்டாவது, மானியத்தில் விற்கப்படும் டிராக்டருடன் முன்பக்க எடைக்கட்டியும் சேர்ந்தே வர வேண்டும். விருப்பப்பட்டால் வாங்கிக்கொள்ளும் உபரிப் பொருளாக அது இருக்கக் கூடாது. மூன்றாவது, ஒப்படைக்கும் நாளில் விற்பனையாளர் விவசாயியின் வயலிலேயே பத்துச் சுற்றுச் சோதனையைச் செய்துகாட்ட வேண்டும்.

வேளாண்மைப் பொறியியல் துறை இயந்திரங்களை வாடகைக்கு விடுகிறது. செல்பேசிச் செயலி வழியாகவே முன்பதிவு செய்யலாம். அரசு டிராக்டர் வயலில் இறங்கும்போது ஓட்டுநர் வழுக்கலை ஒருமுறை அளந்து நிலத்துக்காரரிடம் சொல்லும் நடைமுறையைத் துறை கொண்டுவந்தால், தனியார் வாடகை டிராக்டர்களிடமும் விவசாயிகள் அதையே கேட்கத் தொடங்குவார்கள். கேள்வி கேட்கத் தெரிந்த வாடிக்கையாளரைவிடச் சிறந்த ஒழுங்குமுறை அமைப்பு வேறில்லை.

இவை எதற்கும் பெருநிதி தேவையில்லை. ஒரு சுண்ணாம்புக்கட்டி, நூறு லிட்டர் தண்ணீர், சில இரும்புக் கட்டிகள், வேலைக்கேற்ப அவற்றை மாட்டவும் கழற்றவும் ஒரு மணி நேரம் ஆகியவை போதும். பெரிய வண்டிக்குக் கடன் வாங்கும் முன் இவற்றைச் செய்து பார்ப்பது சிறு விவசாயிக்குப் பணத்தைச் சேமித்துத் தரும். கலப்பையின் மீது மனிதரை ஏற்றும் வழக்கத்தை அதற்காகக் காத்திருக்காமல் இந்த உழவுப் பருவத்திலேயே நாம் கைவிட வேண்டும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).